டேப்லட் திரை மஞ்சளாகத் தெரிகிறதா? முதலில் பச்சையைத் தேடுங்கள்

புது டேப்லட்டைப் பழையதன் பக்கத்தில் வைத்ததும் பலருக்கும் எழும் கேள்வி, "இது ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?" என்பதுதான். சிலருக்கு நேர்மாறாக, நீலம் பாய்ந்தது போலத் தெரியும். இரண்டில் எது சரி என்று அலைவதைவிட, அந்தச் சாயல் எங்கிருந்து வருகிறது, அதை மாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது. மஞ்சள், நீலச் சாயல்களை செட்டிங்ஸிலேயே பெருமளவு சரிசெய்யலாம். பச்சையும் இளஞ்சிவப்பும் அவ்வளவு எளிதில் போகாது. திரையின் ஒரு ஓரம் ஒரு நிறம், மறு ஓரம் வேறு நிறம் என்றால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது. டேப்லட்டை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுக்கும்போது இந்த வரிசை மனதில் இருக்கட்டும்.

திரையின் வெள்ளைக்கு ஒரு பொது இலக்கு உண்டு. சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு வரையறுத்த டி65 என்பது அதன் பெயர். சராசரிப் பகல் வெளிச்சத்தைக் குறிக்கும் இது ஏறத்தாழ 6500 கெல்வின் (ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைச் சொல்லும் அலகு). இணையத்தில் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி தரமும் இதையே வெள்ளை என்கிறது. அச்சுத் துறைக்கு வேறு கணக்கு: அங்கே டி50, அதாவது 5000 கெல்வின். திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அச்சுக்காரரின் வெள்ளை மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். இரண்டுமே சரியான வெள்ளைகள். பயன்படும் இடம் வேறு.

கெல்வின் கூடக்கூட நிறம் நீலத்தை நோக்கிப் போகும், குறையக் குறைய ஆரஞ்சை நோக்கி வரும். "கூல்" என்று சொல்லும் நிறத்துக்கு எண் அதிகம், "வார்ம்" என்று சொல்லும் நிறத்துக்கு எண் குறைவு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஸ்லைடரை எதிர்ப்பக்கம் தள்ளுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்: 500 கெல்வின் வேறுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கண்ணில் படாது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வருவது மைரெட். கண் உணரும் வேறுபாட்டுக்கு அதுதான் நெருங்கிய அளவு. 9500-க்கும் 10000-க்கும் இடையே 5 மைரெட்தான். அருகருகே வைத்தாலும் கண்டுபிடிப்பது கடினம். 3000-க்கும் 3500-க்கும் இடையே ஏறக்குறைய 48 மைரெட். யார் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். 6500 இருக்க வேண்டிய திரை 7000 இருந்தால் வேறுபாடு 11 மைரெட். தனியாகப் பார்க்கும்போது இதைக் குறையாக எண்ண வேண்டியதே இல்லை.

இனி பச்சைக்கு வருவோம். கெல்வின் என்ற எண் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே திரை எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கோட்டிலிருந்து பச்சைப் பக்கமோ இளஞ்சிவப்புப் பக்கமோ விலகியிருப்பதை அது சொல்லாது. இரண்டு திரைகளும் 6500 கெல்வின் என்றே அளவு காட்டலாம். ஒன்று பாசி படிந்தது போலவும் மற்றொன்று ரோஜா நிறம் கலந்தது போலவும் தெரியலாம். மெழுகுவத்தி, பல்பு, சூரிய ஒளி, நிழல் என்று நாம் அன்றாடம் பார்க்கும் வெளிச்சங்கள் எல்லாம் மஞ்சள் முதல் நீலம் வரையான அந்தக் கோட்டை ஒட்டியே மாறுவதால், கண்ணும் அந்தத் திசை மாற்றத்தைச் சுலபமாகப் பொறுத்துக்கொள்ளும். பச்சையை அப்படிப் பொறுக்காது. மனித முகங்கள் உள்ள படங்களில் அது உடனே நோய்க்களை போலத் தெரியும். "மஞ்சளா இருக்கு" என்று வரும் புகார்களில் உறுத்துவது பல நேரம் மஞ்சளுக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பச்சைதான். இரண்டு டேப்லட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், சற்று மஞ்சளாக ஆனால் சுத்தமாக இருப்பதை எடுங்கள். எண் சரியாக இருந்தும் பச்சை படிந்ததை விட்டுவிடுங்கள்.

சோதிக்கும் முறை

அறை வெளிச்சம்தான் முதல் எதிரி. 2700 கெல்வின் விளக்கின் கீழ் சில நிமிடங்கள் இருந்தாலே கண் அதை வெள்ளையாக ஏற்றுக்கொண்டுவிடும். அப்போது சரியான 6500 கெல்வின் திரைகூட நீலமாகத் தெரியும். அதே திரையை மதியம் ஜன்னலோரம் வைத்தால் மஞ்சள் என்று தோன்றும். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடும் பழக்கமும் ஏமாற்றும். பிரதி எடுக்கும் தாள்களில் பெரும்பாலும் ஒளிர்வூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். அது புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் அந்தத் தாள் உண்மையான வெள்ளையைவிட நீலமாகத் தெரியும், அதன் பக்கத்தில் நல்ல திரையும் பழுப்பேறியதாகத் தோன்றும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் வசதிகளான ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், நைட் லைட், ஐ கம்ஃபர்ட் ஷீல்டு, கலர் ஃபில்டர், தானியங்கி பிரைட்னஸ் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். திரையை அரை மணி நேரம் எரியவிடுங்கள். திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட் சூடேறி நிலைபெற அந்த நேரம் போதும். அறையை இருட்டாக்கி, பிரைட்னஸை நடுவில் வைத்து, முழுத்திரைக்கும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறங்கள்: 0 முதல் 255 வரையான அளவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128. வெள்ளையைவிடச் சாம்பலில்தான் பச்சை, இளஞ்சிவப்புச் சாயல் வெளிப்படும். பிறகு 64-லும் 200-லும் பாருங்கள். மூன்றிலும் ஒரே சாயல் என்றால் திருத்துவது எளிது. இருண்ட சாம்பலில் மட்டும் பச்சையோ இளஞ்சிவப்போ எட்டிப்பார்த்தால், அது ஓஎல்இடி பேனல்களில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரைகளில்) குறைந்த பிரைட்னஸில் வரும் வழக்கமான கோளாறு. செட்டிங்ஸில் அதற்கு மருந்து கிடையாது.

அடுத்தது சீர்மை. சாம்பல் திரையில் ஒரு ஓரம் மஞ்சளாகத் தெரிந்தால், டேப்லட்டை 180 பாகை சுழற்றுங்கள். மஞ்சள் டேப்லட்டோடு சேர்ந்து இடம் மாறினால் அது பேனலின் குறை. நீங்கள் பார்க்கும் அதே பக்கத்தில் நின்றுவிட்டால் பார்வைக் கோணத்தின் விளைவு. 13 அங்குலத் திரையை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூலைகளை ஏறக்குறைய 29 பாகை சாய்வில் பார்க்கிறீர்கள், 60 செ.மீ. தள்ளி வைத்தால் அது 15 பாகைதான். எனவே தள்ளி வைத்துப் பாருங்கள், மூலைகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சாயலைப் போட்டோ எடுத்துப் பிறரிடம் காட்ட விரும்பினால் இரண்டு திரைகளும் ஒரே படத்தில் வர வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸ் ஒவ்வொன்றையும் தன் போக்கில் வெள்ளையாக்கிவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் நைட் ஷிஃப்டோ கலர் ஃபில்டரோ பதிவாகாது. இதை ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம்: மஞ்சளாகத் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கருவியில் திறங்கள். அங்கேயும் மஞ்சள் என்றால் அந்த ஆப்பின் வாசிப்பு நிறமோ படமோ காரணம். அங்கே வெள்ளை என்றால் காரணம் உங்கள் டேப்லட்டின் திரை அல்லது அதன் செட்டிங்.

ஒரே மாடலில் ஏன் இத்தனை வேறுபாடு

எல்சிடி டேப்லட்டின் வெள்ளை பிறப்பது நீல எல்இடியில். 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி, மேலே பூசிய ஃபாஸ்பர் என்ற ஒளிரும் பொருளின் வழியாக வரும்போது ஒரு பகுதி மஞ்சளாக மாறி, மீதி நீலத்தோடு கலந்து வெள்ளையாகிறது. பூச்சு சற்றே தடித்தால் மஞ்சள் கூடும், மெலிந்தால் நீலம் கூடும். அதனால் எல்இடிகளை நிறம் பார்த்துத் தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள்; ஒவ்வொரு தரத்துக்கும் ஓரளவு வீச்சு உண்டு. ஒரே மாடலுக்குப் பேனல் வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்தும் வரலாம். மேலும் மெல்லிய டேப்லட்களில் எல்இடி வரிசை பெரும்பாலும் ஒரு விளிம்பில் மட்டுமே இருக்கிறது. ஒளி அங்கிருந்து ஒளிகடத்தித் தகட்டின் வழியாக மறு விளிம்புவரை பயணிக்கிறது. வழியில் நீலம் சற்று அதிகமாக உறிஞ்சப்படுவதால் தொலைவு விளிம்பு மஞ்சளடிக்கும். ஓஎல்இடியில் பேக்லைட் இல்லை, ஆனால் நீலப் புள்ளிகள்தான் முதலில் தேயும். நெடுநாள் பயன்பாட்டில் திரை மஞ்சள் பக்கம் நகரும்.

"ஒட்டும் பசை காயக் காய மஞ்சள் போய்விடும், காத்திருங்கள்" என்ற அறிவுரையை நம்பி, திருப்பிக் கொடுக்கும் கெடுவைத் தவறவிட வேண்டாம். சில நாட்களில் மஞ்சள் மறைந்ததாகத் தோன்றினால், பெரும்பாலும் மாறியது உங்கள் கண்தான்.

திருத்தும் இடங்கள்

ஐபேடில் ட்ரூ டோன் முதலில் வந்தது 2016-ல், 9.7 அங்குல ஐபேட் ப்ரோவில். சுற்றுப்புற ஒளியின் நிறத்தை சென்சாரால் அளந்து, திரையின் வெள்ளையை அதற்கு ஏற்ப நகர்த்தும். படிக்க நல்ல வசதி, அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் படம் வரையும்போதும் போட்டோ திருத்தும்போதும் கட்டாயம் அணைக்க வேண்டும். மாலையில் மஞ்சள் திரையில் சரிபார்த்த தோல் நிறம் மறுநாள் பிறர் திரையில் நீலமாக நிற்கும். நைட் ஷிஃப்ட் வேறு. அது அறை வெளிச்சத்தைப் பார்க்காது, நேரத்தைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் மாலையில் திரை இரட்டிப்பாக மஞ்சளாகும். "திடீரென்று மஞ்சளாகிவிட்டது" என்றால் முதலில் பார்க்க வேண்டியது நைட் ஷிஃப்டின் நேர அட்டவணை.

பெரும்பாலான ஐபேடுகளில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனி ஸ்லைடர் கிடையாது. அதற்கு மாற்றுவழி: செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிட்டி, டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், கலர் ஃபில்டர்ஸ், கலர் டின்ட். இன்டென்சிட்டியை (சாயலின் அடர்த்தி) ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே ஹ்யூவை (சாயலின் நிறம்) தொடுங்கள். பச்சை படிந்த திரைக்கு ஹ்யூவை இளஞ்சிவப்புப் பக்கமும், மஞ்சளுக்கு நீலப் பக்கமும் நகர்த்தி, இன்டென்சிட்டியை மயிரிழையாக ஏற்றுங்கள். சாம்பல் படம் நடுநிலையானதும் நிறுத்திவிடுங்கள். 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில், எம்1 சிப் தலைமுறை முதல், நிறங்களைத் தரத்துக்கு ஏற்பக் காட்டும் ரெஃபரன்ஸ் மோட் இருக்கிறது. திரையின் நிறத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் நுண்திருத்தப் பகுதியில் அளந்த மதிப்புகளை உள்ளிடலாம்.

சாம்சங் டேப்லட்களில் ஸ்கிரீன் மோடில் விவிட் தேர்ந்தால்தான் வொயிட் பேலன்ஸ் ஸ்லைடரும், மேம்பட்ட அமைப்பில் மூன்று நிற ஸ்லைடர்களும் வரும், நேச்சுரலில் வராது. எல்சிடி மாடல்கள் சிலவற்றில் ஸ்கிரீன் மோடே இருக்காது. வேறு நிறுவனங்கள் சில வண்ணச் சக்கரம் ஒன்றைத் தருகின்றன. அதில் புள்ளியைப் பச்சைக்கு எதிர்ப்பக்கமும் நகர்த்த முடியும் என்பதால் கெல்வின் ஸ்லைடரைவிட அது மேலானது. மூன்று ஸ்லைடர்கள் கிடைத்தால் விதி எளிது: எந்த நிறம் பலவீனமோ அதை உச்சத்தில் விட்டு, மற்ற இரண்டைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள். மஞ்சள் திரையில் பலவீனம் நீலம். எனவே நீலத்தைத் தொடாமல் சிவப்பையும் பச்சையையும் இறக்க வேண்டும். மூன்றையும் இறக்கினால் மிஞ்சுவது மங்கலான திரை மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரு நிமிடம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டுப் பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே நகர்த்தினால் கண்ணும் கூடவே நகரும், ஸ்லைடர் எங்கோ போய் நிற்கும்.

இந்தத் திருத்தங்களுக்கு ஒரு விலை உண்டு. 6500 கெல்வின் திரையை மென்பொருளால் 5000-க்கு இறக்கினால் வெள்ளை என்பது (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) 255, 255, 255-லிருந்து ஏறக்குறைய 255, 228, 206 ஆகிறது. கணக்குப் போட்டால் வெளிச்சத்தில் 18 சதவீதம் போய்விடும். 2700-க்கு இறக்கினால் 255, 169, 87; வெளிச்சம் பாதிதான் மிஞ்சும். எல்சிடியில் கறுப்பு வழியே கசியும் ஒளி அப்படியே இருப்பதால், 1000:1 கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 500:1 என்ற அளவுக்குச் சரியும். நீலத்தின் படிகளும் 256-லிருந்து 88 ஆகிவிடுவதால், வானம் போன்ற சீரான பரப்புகளில் பட்டை பட்டையாகத் தெரியும். இரவு வாசிப்புக்கு இது பொருட்டல்ல. படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள்.

தூக்கத்துக்காக மஞ்சளாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் கண் செல்களுக்கு 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் கூருணர்வு அதிகம் என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு நிறத்தோடு ஒளியின் அளவும் முக்கியம். 2021-ல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், போனில் நைட் ஷிஃப்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தூக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே இரவில் முதலில் பிரைட்னஸை இறக்குங்கள், மஞ்சள் அதற்குப் பிறகு. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மஞ்சளாக்கினால், அதுவே போதுமான காரணம்.

கடைசியாக, திரைமேல் ஒட்டும் பொருள்கள். நீல ஒளியைத் தடுக்கும் ஃபிலிம் என்றால் அது மஞ்சளாகவோ, நீல ஊதா நிறத்தில் எதிரொளிப்பதாகவோ இருக்கும். நன்றாக இருந்த திரையின் வெள்ளையை அதுவே கெடுத்துவிடும். தாள் போன்ற சொரசொரப்பு ஃபிலிம் சாம்பல் பரப்பில் நுண்ணிய வண்ணப் பொரிகளைக் காட்டும். ஃபிலிமோ உறையின் விளிம்போ மேலுள்ள ஒளி சென்சாரை மறைத்தால் ட்ரூ டோன் தவறான நிறத்தை அளந்து தவறான பக்கம் திருத்தும். சோதனையை ஃபிலிம் ஒட்டும் முன்பே முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அதே சாம்பல் படத்தை ஒருமுறை திறந்தால், சாயல் பேனலுடையதா ஃபிலிமுடையதா என்று உடனே தெரிந்துவிடும்.