எனக்குள் இருக்கிறது என்று சொன்ன பிசாசு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதுதான் எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடிக்குக் கீழே விழுந்து கிடந்தேன் என்பது அம்மை சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பது வாயில் இரத்தச் சுவை, கையில் யாரோ திணித்திருந்த சாவிக்கொத்து, தலைமாட்டில் நின்று ‘இயேசுவின் நாமத்தினாலே’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த சித்தியின் குரல், அவ்வளவுதான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி ரப்பரும் மரச்சீனியும், விடியும் முன்னே அப்பா பால்வெட்டுக்குப் போய்விடுவார், ஞாயிறு காலை ஆலயம், தினமும் ராத்திரி வீட்டு ஜெபம். அந்த ஜெபத்தில் தவறாமல் வருகிற பெயர்கள் இரண்டு. ஒன்று கர்த்தர், இன்னொன்று சாத்தான்.

இரண்டாவது வலிப்பு வந்ததும் என்னை ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஐந்து மாதம், வெள்ளிக்கிழமைதோறும், வெறும் வயிற்றோடு போக வேண்டும், பாதி ராத்திரிவரை உட்கார வேண்டும். அம்மை கையைப் பிடித்துக்கொள்வாள், சித்தி காலைப் பிடித்துக்கொள்வாள், ஜெபிக்கிறவர் என் தலைமுடியைப் பற்றிக்கொண்டு ‘உன் பேர் என்ன, பேரைச் சொல்லு’ என்று கேட்பார். நான் என் பேரைச் சொன்னேன். அது தப்பான பதில். என் பேர் இல்லையாம், உள்ளே இருக்கிறவன் பேர் வேண்டுமாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, அந்த ஐந்து மாதத்தில் வலிப்பு கூடத்தான் செய்தது. கூடக்கூட, பிசாசு பலமானது என்று சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அம்மையைக் கூப்பிட்டுத் திட்டிய பிறகுதான் திருவனந்தபுரத்துக்குப் போனோம். தலையில் ஒயர்களை ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையில் மின்சாரம் போலச் சின்னச் சின்ன சமிக்ஞைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, சில நேரம் அவை ஒரே சமயத்தில் தாறுமாறாகக் கிளம்பிவிடுகின்றன, அதுதான் வலிப்பு என்று டாக்டர் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதத்திலிருந்து வலிப்பு இல்லை. ஊரில் மட்டும் பிசாசு போய்விட்டது என்று சாட்சி சொன்னார்கள்.

என்னை நான் சாத்தானியவாதி என்று சொல்லிக்கொள்ளும்போது நாகர்கோவிலில் என்கூட வேலை பார்க்கிறவர்கள் முதலில் நினைப்பது கறுப்பு மெழுகுவர்த்தி, ஆட்டுத்தலை, இரத்தம், சுடுகாடு. அது ஒன்றும் இல்லை. நான் எதையும் கும்பிடுவதில்லை. கடவுள் இருக்கிறார் என்று நம்பவில்லை, சாத்தான் என்று ஒரு ஆள் இருக்கிறான் என்றும் நம்பவில்லை. கடவுளை விட்டுவிட்டுச் சாத்தானை மட்டும் நம்புகிறவள் அதே வீட்டின் பின்வாசலில்தான் நிற்கிறாள். எனக்கு அது ஒரு கதாபாத்திரம். குனிய மாட்டேன் என்று சொன்ன, கேள்வி கேட்ட, அதற்காகத் தள்ளப்பட்ட ஒருவனின் பெயர்.

அம்மையிடம் இதைச் சொன்ன அன்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ‘கடவுள் இல்லன்னு வேணும்னா சொல்லிக்கோ மக்கா, அந்தப் பேரு மட்டும் வேண்டாம்.’ நியாயமான கேள்விதான் அது. நாத்திகம் இந்த ஜில்லாவுக்குப் புதிது இல்லையே. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம் ‘நான் நாத்திகன் ஏன்’ என்ற பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து, அதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்கே போனார். அந்தச் சொல் போதாதா? எனக்குப் போதவில்லை. நாத்திகம் என்பது ஒன்றை இல்லை என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்பதை வேறெங்கோ தேட வேண்டியிருக்கிறது. அப்புறம், இதுதான் முக்கியம், நாத்திகச்சி என்று என்னை யாரும் தலைமுடியைப் பிடித்து உலுக்கவில்லை. என்மேல் வைத்த பெயர் சாத்தான். அந்தப் பெயரைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதலில் படித்தது ஆன்டன் லாவே பற்றி. 1966 ஏப்ரல் 30 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ‘சர்ச் ஆஃப் சாத்தான்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர், 1969-இல் அதற்கென்று ஒரு புத்தகமும் எழுதினார். சாத்தான் என்பது ஒரு குறியீடு, மனிதன் தன் ஆசைகளைக் குற்றம் என்று நினைத்து நொந்து சாக வேண்டாம், தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் வகுத்த பதினொரு விதிகளில் ஒன்று சின்னக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே என்பது, இன்னொன்று தற்காப்புக்கோ சாப்பாட்டுக்கோ தவிர மிருகங்களைக் கொல்லாதே என்பது. பலி கொடுக்கிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போன எனக்கு அந்த இரண்டு விதியும் பெரிய அதிர்ச்சி. ஐந்து மாதம் என்னைப் பிடித்து வைத்திருந்தவர்களிடம் முதல் விதி இருந்திருந்தால் போதும்.

ஆனால் லாவேயிடம் எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று உண்டு. பலமுள்ளவன் மேலே வருவது இயற்கை, பலமில்லாதவன் நசுங்குவதும் இயற்கை என்ற பேச்சு அவர் எழுத்து முழுக்க ஓடுகிறது. மாரை மறைக்கத் தோள்சீலை போடும் உரிமைக்காக இந்த மண்ணில் பெண்கள் 1859-இல் உத்தரவு வரும்வரை பல வருஷம் அடியும் உதையும் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வழி வந்தவள் நான். பலமுள்ளவன் சொல்வதே சட்டம் என்பதை வேறு எந்த ஊர்க்காரி ஒத்துக்கொண்டாலும் நாங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் என் மனசுக்கு நெருக்கமாக வந்தது 2013-இல் லூசியன் கிரீவ்ஸும் மால்கம் ஜாரியும் தொடங்கிய ‘சாத்தானிக் டெம்பிள்’. அமெரிக்காவில் சேலம் ஊரில்தான் அதன் தலைமையிடம். லாவேயின் ஆட்களுக்கும் இவர்களுக்கும் சுத்தமாக ஆகாது, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நான் இவர்களிடமும் உறுப்பினர் இல்லை. அவர்களுடைய ஏழு கொள்கைகளைத்தான் எடுத்துக்கொண்டேன். எல்லா உயிர்களிடமும் அறிவோடு கூடிய இரக்கம் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. ஒருவருடைய உடம்பு அவருடைய விருப்பத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்பது மூன்றாவது. அந்த வரியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினாலு வயதில் யாராவது அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், அம்மைக்கும் சொல்லியிருக்க வேண்டும். நம்பிக்கை நமக்குத் தெரிந்த அறிவியலோடு ஒத்துப்போக வேண்டும், நமக்கு வசதியாக அறிவியலை வளைக்கக் கூடாது என்பது ஐந்தாவது. ஆறாவதுக்கு அப்புறம் வருகிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகு வேதாகமத்தையும் திரும்ப எடுத்து வாசித்தேன், சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்த அதே புத்தகத்தை. ஆதியாகமத்தில் ஏவாளிடம் பேசுவது சர்ப்பம், அங்கே சாத்தான் என்ற பெயரே கிடையாது. ஏசாயாவில் வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளி என்று வருகிறதே, லூசிபர் என்ற பெயர் அதன் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், அந்தப் பாட்டு பாபிலோன் ராஜாவைப் பார்த்துப் பாடியது. சாத்தான் என்பதே எபிரேயத்தில் எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள்படுகிற சாதாரணச் சொல். (நம் ஊர்ச் சாஸ்தாவைக் குறிக்கிற சாத்தன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) யோபு புத்தகத்தில் அவன் கர்த்தருடைய சபையில் வந்து நிற்கிறான், ‘யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்’ என்று கேட்கிறான். நல்ல கேள்வி அது. கூலி கிடைக்கிறதால் வருகிற பக்தி பக்தியா என்று கேட்கிறான். பிள்ளைகளும் சொத்தும் போக அனுமதி கொடுத்தது யார் என்று வாசிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட என்னை உட்காரவைத்தது இன்னொரு இடம். தாவீது ராஜா ஜனங்களைக் கணக்கெடுக்கிறார், அதனால் தேசத்தில் கொள்ளைநோய் வருகிறது. அவரைத் தூண்டியது யார்? 2 சாமுவேல் 24-இல் கர்த்தருடைய கோபம். 1 நாளாகமம் 21-இல் அதே சம்பவம், ஆனால் தூண்டியது சாத்தான். கடவுள்மேல் பழி விழக்கூடாது என்றதும் அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வேலையை அவன் இன்றுவரை பார்க்கிறான். குடித்துவிட்டு அடிக்கிறவன் மறுநாள் ‘சாத்தான் சோதிச்சிட்டான்’ என்கிறான், வீட்டில் எல்லோரும் ஜெபிக்கிறார்கள், அடிவாங்கியவளும் முழங்கால்படியிடுகிறாள்.

பழி போடுவது மட்டும் இல்லை, யாரைப் பிடிக்கவில்லையோ அவர்மேலும் இந்தப் பெயர்தான் விழுந்திருக்கிறது. என் பாட்டாவின் முன்னோர்கள் மிஷனரிகள் வருவதற்கு முன் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை கொடுத்தவர்கள். கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூலில் இந்த வழிபாட்டுக்கு வைத்த பெயர் பேய் வழிபாடு. பள்ளிக்கூடம் கட்டினார்கள், எழுத்துக் கொடுத்தார்கள், அதை நான் மறக்க மாட்டேன், நான் படித்ததே அந்தக் கல்வியின் தொடர்ச்சியில்தான். ஆனாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களையே தெய்வமாக்கிக் கும்பிட்ட ஒரு ஜனத்தின் சாமிகள் ஒரே சொல்லில் பிசாசாகிவிட்டன. இப்போது முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகும்போது இசக்கியம்மன் கோயில் பக்கம் சித்தி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய பாட்டிக்குப் பாட்டி அங்கே தொட்டில் கட்டியிருப்பாள்.

எங்கள் ஊரிலேயே ஒரு நிழல்தாங்கல் உண்டு, அய்யா வைகுண்டர் வழியில் வந்த அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற இடம். அய்யாவழிக்காரத் தோழி ஒருத்தி என்னை ஒருநாள் கூட்டிப்போனாள். உள்ளே விக்கிரகம் இல்லை, விளக்கும் ஒரு கண்ணாடியும்தான். கும்பிட நிற்கிறவருக்கு எதிரே அவர் முகமே தெரிகிறது. அவர்கள் நம்பிக்கை வேறு, என்னுடையது வேறு, அவர்களை என் பக்கம் இழுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் தாழ்ந்து கிடந்த ஜனத்தைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்ன வைகுண்டரை அன்றைய திருவிதாங்கூர் அரசு சிறையில் போட்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிமுன் கொஞ்ச நேரம் நின்றேன்.

சரி, ஆறாவது கொள்கை. மனிதர் தவறு செய்யக்கூடியவர், செய்துவிட்டால் அதைத் திருத்தவும் அதனால் வந்த தீங்கைச் சரிசெய்யவும் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது அது. படிக்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. எங்கள் மகளிர் குழுவில் நான் பொருளாளர். ஒரு அக்கா லோன் தவணை 4,000 ரூபாயை ரோட்டில் வைத்து என் கையில் தந்திருக்கிறாள், நான் அதை நோட்டில் எழுத மறந்துவிட்டேன். கூட்டத்தில் கணக்கு உதைத்தபோது ‘நீங்க தரல்லியே’ என்று அடித்துச் சொன்னேன். அவள் அழுதாள். எல்லோரும் என்னை நம்பினார்கள், ஏனென்றால் நான் படித்தவள், வேலை பார்க்கிறவள். இரண்டு நாள் கழித்து என் மாத்திரைச் சீட்டு வைத்திருக்கிற பைலுக்குள் எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாளே தவிர உள்ளே வா என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், தீர்மான நோட்டிலும் என் கையாலேயே எழுதினேன், பொருளாளர் பொறுப்பையும் திருப்பிக் கொடுத்தேன். பெரியக்கா ஒருத்தி என்மேல் உள்ள பாசத்தில், ‘விடு மக்களே, நம்ம குழுவப் பிரிக்கச் சாத்தான் பாத்தான், வேற ஒண்ணுமில்ல’ என்றாள். எவ்வளவு சுலபமான வழி அது. ‘இல்லக்கா, நாந்தான் செய்தேன்’ என்றேன். பணம் தந்த அந்த அக்கா இப்போது என்னிடம் பேசுகிறாள், பழைய மாதிரி இல்லை. அதுவும் என் கணக்கில்தான்.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்காவில் சாத்தானை வழிபடுகிறவர்கள் ரகசியமாகக் குழந்தைகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பெரிய பீதி கிளம்பியது. கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற பாலர் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கி 1990 வரை நடந்தது, கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை, ஆனால் அதற்குள் ஒருவர் ஐந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டார். இல்லாத சாத்தானைத் தேடிப் போனபோது மாட்டிக்கொண்டது மனிதர்கள்தான்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்குச் சித்தி போன் பண்ணினாள். அவள் மகள்வயிற்றுப் பேரனுக்கு வலிப்பு. என் காலைப் பிடித்து வைத்திருந்த அதே சித்தி. குரல் நடுங்கியது. பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்கவை, வாயில் ஒன்றும் வைக்காதே, சாவியும் வேண்டாம், கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டே பைக்கை எடுத்தேன். நான் போய்ச் சேரும்போது பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒருச்சாய்த்துத்தான் படுக்கவைத்திருந்தாள். அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு.

‘நாளைக்கு டாக்டர்ட்ட போகும்போ நீயும் வருவியா மக்கா?’ என்றாள். லீவு போட்டேன்.