6 மில்லிமீட்டர்

எங்கள் லேபுக்கு வரும் பச்சைக் குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மாவின் பெயரை எழுதியிருப்பார்கள். வயது என்ற கட்டத்தில் 2 நாள், 5 நாள். சிலதில் மணிக்கணக்கு. மைக்ரோபயாலஜியில் டெக்னீஷியனாக 17 வருடம் ஓட்டிவிட்டேன், நான்கு ஆஸ்பத்திரி மாறியாகிவிட்டது. இன்றும் அந்த வயதுக் கட்டத்தைப் பார்க்காமல் பாட்டிலை மெஷினில் வைக்கக் கை வராது.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் பேச்சு, ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கிருமிக்குக் கேட்காமல் போவதில் வந்து நின்றது. “சீட்டு இல்லாம மெடிக்கல் ஷாப்புல வாங்கித் திங்கிறதுனாலதான அண்ணி மருந்து கேக்க மாட்டேங்குது?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு ஒப்பவில்லை. முந்தின நாள் மருந்து கேட்கவில்லை என்று நான் ரிப்போர்ட் போட்ட குழந்தைக்கு வயது 2 நாள். அது எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனது?

சரி, முதலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையிடம் 1 மில்லி ரத்தம் எடுப்பதே பெரும்பாடு. நூல் மாதிரி இருக்கும் நரம்பு. அந்த ரத்தத்தைச் சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு அனுப்புவார்கள். கிருமி இருந்தால் பெருகி வாயு விடும், மெஷின் அதை மோப்பம் பிடித்துக் கத்தும். ராத்திரி டியூட்டியில் அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும். ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்து உடனே வார்டுக்குப் போன். கிருமி வளரச் சத்துக் கூழ் ஊற்றிய தட்டில் தடவி வைத்தால் மறுநாள் காலை கிருமி முளைத்திருக்கும்.

க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்றால் மெக்கான்கி என்ற வகைத் தட்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ரோஸ் நிறத்தில் பெரிது பெரிதாக, மினுமினுவென்று சளி மாதிரி. லூப் என்ற கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் சிலது நூலாக இழுபடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்போமே, அதேதான். லேபில் சேர்ந்த புதிதில் இதை வீட்டில் சொல்லப்போய், அந்தத் தீபாவளிக்கு என் அம்மா அதிரசமே சாப்பிடவில்லை.

அடுத்தது சென்சிடிவிட்டி. தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து ஏற்றிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை மேலே வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்றிடம் விழும். மறுநாள் ஸ்கேலை வைத்து அளப்போம். மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எஸ், அதாவது கேட்கும். 19-ம் அதற்குக் கீழும் ஆர், கேட்காது. காகித வட்டத்தின் அகலமே 6 மில்லிமீட்டர். கிருமி வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நின்றால், அளவு என்று எழுத வேறு எண் இல்லை, 6 என்றுதான் எழுத வேண்டும். 6, 6, 6 என்று ஒரே பத்தியில் எழுதிக்கொண்டே போன நாட்கள் எனக்கு உண்டு.

பாட்டில் வந்து சேர்ந்ததிலிருந்து இதெல்லாம் முடிய இரண்டு நாள், சில சமயம் மூன்று. குழந்தைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் டாக்டர்கள் அனுபவத்தை வைத்து ஒரு மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். அது இந்தக் கிருமிக்குக் கேட்காத மருந்தாக இருந்தால், அந்த இரண்டு நாளும் வீண்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன், ஒன்பது நாளில் மூன்று குழந்தைகளுக்கு ஒரே க்ளெப்சியெல்லா வந்தது. எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்ற பட்டியல் மூன்றிலும் அச்சு அசல் ஒன்று. முதல் குழந்தையின் ரிப்போர்ட்டை நான் பிரிண்ட் எடுத்தபோது, அதன் வார்மரில், அதாவது சூடு தரும் படுக்கையில், வேறு குழந்தை படுத்திருந்தது.

இரண்டாவது குழந்தையின் அப்பா ரிப்போர்ட் வாங்க லேப் ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையில் பால் டோக்கனும் பஸ் டிக்கெட்டும் துருத்திக்கொண்டிருந்தன. காகிதத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் நேரா ஆர் போட்டிருக்கீங்களே, ரைட்டுதானம்மா?” என்று கேட்டார். டாக்டர் சொல்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அதுதான். அன்றிலிருந்து அந்த எழுத்தை டைப் அடிக்கும்போதெல்லாம் அந்த விரல் ஞாபகம் வரும்.

அந்தக் குழந்தைக்குக் கொலிஸ்டின் கொடுத்தார்கள். 1949-இல் ஜப்பானில் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் ஓரங்கட்டிவிட்டார்கள். இப்போது வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். இதைக் காகித வட்டம் வைத்துச் சோதிக்கவும் முடியாது, தட்டில் சரியாகப் பரவாது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் மருந்தைப் படிப்படியாக நீர்க்க வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். கடைசிக் கையிருப்பு என்று பிள்ளைகளுக்குப் பயந்து பயந்து கொடுக்கும் இதே மருந்தை, சீக்கிரம் எடை போட வேண்டும் என்று கோழித் தீவனத்திலும் கலந்துகொண்டிருந்தோம். மத்திய அரசு அதைத் தடை செய்தது 2019 ஜூலையில்தான். அந்தக் குழந்தை பிழைத்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறி அப்புறம் இறங்கியது என்று பி.ஜி. டாக்டர் சொன்னார்.

நாத்தனார் கேள்விக்கு வருகிறேன். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சையில் சேர்ந்த 13,530 பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியானது. அதில் என்னைப் பிடித்து உலுக்கியது இதுதான்: மொத்த ரத்த நோய்த்தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தவை. முதல் மூன்று நாளில் வருவது பெரும்பாலும் தாயிடமிருந்து தொற்றியது, பிறகு வருவது ஆஸ்பத்திரியில் தொற்றியது என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் அங்கே இரண்டு கணக்கிலும் ஒரே கிருமிகள். அசினெடோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினெடோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. பிரசவ அறையிலிருந்து வார்டுக்குத் தூக்கிப் போவதற்குள் நாம்தான் கொடுத்துவிடுகிறோம் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

(டெல்லி என்றதும் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2010-இல் மருத்துவ ஆய்விதழான லான்செட்டின் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த நொதியுள்ள கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து மட்டும் 44. என்.டி. என்றால் நியூ டெல்லி, ஆனால் அது பேரில்தான்.)

அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் மூன்றாவது குழந்தையின் பாட்டிலுக்கும் மெஷின் கத்தியதும் ஸ்வாப் குச்சிகளை அள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனோம். சக்‌ஷன் ட்யூப், மெத்தை, ஈரப்பதம் தரும் தண்ணீர், வாஷ்பேசின் ஓட்டை என்று ஒன்றையும் விடவில்லை. பேசினில் என்னென்னவோ வளர்ந்தது. ஆனால் நாங்கள் தேடிய அந்தப் பட்டியலோடு அப்படியே பொருந்தியது ஒரு சலைன் பாட்டிலில். 100 மில்லி பாட்டில், ரப்பர் மூடியில் ஊசி குத்தியபடி ட்ராலியில் நின்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் ட்ரிப்ஸ் லைனை அலச அரை மில்லி, ஒரு மில்லி தேவைப்படும். அதை எல்லாரும் அந்த ஊசி வழியாகவே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். காலையில் திறந்தது, ராத்திரி வரைக்கும்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. எதிர்பார்த்தபடி பழி ஒரு சிஸ்டர் தலையில் விழுந்து, மெமோ கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைய ராத்திரி அவருக்கு எட்டுக் குழந்தைகள், ஒரே ஆள். ஒவ்வொரு அரை மில்லிக்கும் புதுப் பாட்டில் திறந்தால் ஸ்டோரில் கேள்வி கேட்பார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 10 மில்லி ஆம்ப்யூலை வாங்கிக் கொடுத்தால் முடியும் விஷயம். அதை மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆளே அவர்தான். மெமோ கொடுத்த அதே வாரம் ஆம்ப்யூலும் வந்து இறங்கியது.

இப்போது இருக்கும் இடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் சில தட்டுகளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக ஆரம்பித்தது. உள்ளே நுழைபவர்களைப் பிடித்து, “ஐந்து விரலையும் இதில் அழுத்துங்கள்” என்பேன். பெயர் எழுதுவதில்லை, நம்பர் மட்டும். மறுநாள் காட்டினால் கோலப்புள்ளி மாதிரி ஐந்து விரல் தடமும் கிருமியாலேயே முளைத்து நிற்கும். மோதிர விரலை மோதிரத்தோடு அழுத்தியவர் தட்டில் அந்த இடம் மட்டும் தடித்து வளையமாக இருந்தது. மறுவாரம் அந்த சிஸ்டர் மோதிரத்தைத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டு வந்து, “அக்கா, இப்பப் பாருங்க” என்று கையை நீட்டினார்.

போன வாரம் 11 தட்டு. மூன்றில் ரோஸ் நிறம். அதில் ஒன்று பெரிய டாக்டர் ஒருவருடையது, நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்டர்கள் எவ்வளவோ கெஞ்சியும் சொல்லவில்லை. ஆனால் டாக்டரிடம் தட்டையே கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய்க் கை கழுவினார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வார்டிலிருந்து போன். ஆம்ப்யூல் தீர்ந்துவிட்டதாம், இன்றைக்குத் தேதி 20. ஸ்டோருக்கு இண்டெண்ட், அதாவது கேட்புச் சீட்டு, போட்டிருக்கிறார்கள். வருகிறவரைக்கும் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள்.