கேஸ் ஷீட்டில் ஒரு கேள்விக்குறி

வென்டிலேட்டரில் இருப்பவரின் எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு வெண்மை தெரிந்தால் உடனே நிமோனியா என்று எழுதிவிடும் அவசரம் பயிற்சிக் காலத்தில் எனக்கும் இருந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றும் நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்கிறோம். வரையறையில் சிக்கல் இல்லை. படுக்கையருகே நின்று அதை உறுதிசெய்வதில்தான் சிக்கல்.

எக்ஸ்ரேயில் புதிய நிழல் தெரிந்து, அதனுடன் காய்ச்சல், சீழ்போன்ற சளி, ரத்தத்தில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 12,000-க்கு மேல் ஏறுவது அல்லது 4,000-க்குக் கீழ் இறங்குவது ஆகியவற்றில் இரண்டேனும் சேர்ந்திருந்தால் சந்தேகிக்க வேண்டும் என்பது வெகுநாளாகப் புழங்கிவரும் விதி. ஆனால் ஐசியூவில் காய்ச்சலுக்கு மருந்து ஒவ்வாமை, ரத்தக்கட்டு, சிரையில் செருகிய குழாயில் தொற்று என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. எக்ஸ்ரேயும் நோயாளியைப் படுக்கவைத்தபடியே எடுக்கப்படுவது. நுரையீரலில் நீர் கோத்தாலும் ரத்தம் கசிந்தாலும் அதே வெண்மைதான் தெரியும். ஒருவருக்குக் காலைப் படத்தில் இடது நுரையீரலின் அடிப்பகுதி முழுவதும் வெளுத்திருந்தது. கெட்டிச் சளியை உறிஞ்சியெடுத்து, அவரை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்திருந்தோம், மாலைப் படத்தில் அந்த வெண்மையே இல்லை. நிமோனியா ஒரே பகலில் இப்படி மறையாது. சளி அடைத்துச் சுருங்கியிருந்த பகுதி விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கல்ச்சரில், அதாவது சளி மாதிரியை ஆய்வகத்தில் வைத்து வளர்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்துவிட்டால் ஐயம் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. டியூபின் உட்சுவரில் சில நாட்களிலேயே கிருமிகள் படலமாகப் படிந்துவிடுவதால், கிருமி இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். பிராங்கோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாய் வழியே நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில் மில்லிலிட்டருக்கு 10,000 கிருமிகள் என்பது வழக்கமான எல்லை. டியூப் வழியே உறிஞ்சிய சளிக்கு இந்த எல்லை இன்னும் உயர்ந்தது. ஆன்டிபயாடிக் தொடங்கிய பின் எடுத்த மாதிரியில் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் பொய்த்துவிடும் என்பதால், முதலில் மாதிரி, பிறகே மருந்து என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு மட்டும் மருந்தைத் தாமதப்படுத்துவதில்லை. பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் உயரும் புரோகால்சிட்டோனின் என்ற பொருளின் அளவை வைத்து மருந்தைத் தொடங்குவதா என்று முடிவுசெய்ய வேண்டாம் என்கிறது அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2016 வழிகாட்டுதல்; எனக்கும் அதில் உடன்பாடே.

இப்போதெல்லாம் முதல் நாள் "நிமோனியா?" என்று கேள்விக்குறியோடுதான் எழுதுகிறேன். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் கல்ச்சர் முடிவு, ஆக்சிஜன் தேவை, புதிய எக்ஸ்ரே மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று அந்தக் கேள்விக்குறியை அடித்து நீக்குகிறேன், இல்லையேல் மருந்தை நிறுத்துகிறேன்.