ஞாயிறு சாயங்கால வயிற்றுவலி

15 வயதில் எனக்கு ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். முதலில் பிசைகிற மாதிரி ஒரு வலி, அப்புறம் குமட்டல், திங்கள் காலையில் கை காலெல்லாம் சில்லிட்டுப்போகும். சரி, இன்று பள்ளிக்குப் போகவேண்டாம் என்று அம்மா சொன்ன பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். இதைப் பார்க்கிறவர்கள் நடிப்பு என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? எனக்கே என்மேல் சந்தேகம் இருந்தது.

வலி நிஜம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகும், செரிமானம் மந்தமாகும். ஓடித் தப்பிக்கத் தயாராகிற உடம்பு அது. புலி இல்லாமல் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிப்பதுதான் என் ஆபத்து என்பது உடம்புக்குத் தெரியவா போகிறது.

என் சிக்கலுக்கு சமூகப் பதற்றம் என்று பெயர்; நாலு பேர் நம்மைப் பார்ப்பார்கள், எடைபோடுவார்கள் என்கிற அளவுமீறிய பயம். பெரும்பாலும் பதின்பருவத்தின் தொடக்கத்தில்தான் தலைகாட்டும், கூச்ச சுபாவம் என்று சொல்லி எல்லாரும் கடந்துபோய்விடுவார்கள். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது என் வகுப்பிலேயே இன்னும் சிலர் இருந்திருப்பார்கள், அவர்களும் என்னைப்போலவே வாயை மூடிக்கொண்டு.

லீவு போட்டதும் கிடைத்த அந்த நிம்மதிதான் வினையே. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை குறித்துவைத்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிதாக வரும். முதலில் வாசிப்பு உள்ள வகுப்பை மட்டும் தவிர்த்தேன், பிறகு திங்கட்கிழமைகளை, பிறகு பிறந்தநாள் விழாக்களை, கடைசியில் வீட்டுத் தொலைபேசி அடித்தால்கூட எடுப்பதில்லை.

என்னை மீட்ட ஆலோசகர் முதல் நாளே ஒரு தாளில் ஏணி வரைந்தார். கீழ்ப்படியில் அவரிடம் ஒரு பத்தி வாசிப்பது, மேல்படியில் வகுப்பில் வாசிப்பது, நடுவில் ஏழெட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் பயம் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை நிற்கவேண்டும், பாதியில் ஓடக்கூடாது. கேட்க எளிது. முதல் வாரம் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். என் குட்டித் தந்திரங்களையும் கண்டுபிடித்துவிட்டார்: என் முறை எப்போது வரும் என்று எண்ணிப் பார்த்து அந்தப் பத்தியை முன்கூட்டியே மனப்பாடம் செய்வது, யார் கண்ணையும் பார்க்காமல் இருப்பது. அதுவும் தப்பித்தல்தானாம். மூச்சை மெதுவாக விடுவதுகூட, பயம் வரவே கூடாது என்பதற்காகச் செய்தால் அதே கணக்கில்தான் சேரும் என்றார்.

என் தோழி ஒருத்திக்கு வந்தது மனச்சோர்வு. அவள் அழுததே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள், இரவெல்லாம் விழித்திருப்பாள், உயிராக நினைத்த ஓவியத்தைத் தொடவே மாட்டாள். திமிர் என்றார்கள். பெரியவர்களுக்குச் சோகமாக வெளிப்படுவது இந்த வயதில் எரிச்சலாகவும் வெளிப்படலாம், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதெல்லாம் அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்.

அவளிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன் (தள்ளிப்போடுவதில்தான் நான் கைதேர்ந்தவள் ஆயிற்றே). அப்படியெல்லாம் விதைத்துவிட முடியாது, நேரடியாகக் கேட்பதுதான் நல்லது என்று என் ஆலோசகர் சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டேன். வயிறு அன்றும் பிசைந்தது.

"ஆமா" என்றாள், ரொம்ப நேரம் கழித்து. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் சேர்ந்து போய் அவள் அக்காவிடம் சொன்னோம், அக்கா எதுவும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள்.