கூண்டும் கூடையும்

மார்ச் 3
முதுகெலும்பு அறுவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது: மார்ச் 27. இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

மார்ச் 4
முள்ளெலும்புகள் ஒன்றாகச் சேரும்வரை அவற்றின் இடைவெளியைத் தாங்கும் கூண்டுகள் இரண்டை மருத்துவர் இழுப்பறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எதுவும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீளமில்லை. ஒன்று பீக் என்னும் நெகிழியால் ஆனது. தந்த நிறம், நகத்தால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. மற்றொன்று டைட்டானியப் பொடியை உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டது. சாம்பல் நிறம், கடற்பஞ்சைப் போல உடலெங்கும் நுண்துளைகள், நகம் அதில் மாட்டிக்கொண்டது. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இவற்றில் ஒன்று என் ஆயுள் முழுவதும் இருக்கப்போகிறது. எலும்பு அடர்த்திச் சோதனையின் முடிவைப் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன் என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு முறை கையைக் கழுவிய பிறகும் அந்தச் சொரசொரப்பு விரல் நுனியில் இருப்பதாகவே தோன்றியது.

மார்ச் 6
இடது கால் பெருவிரல் இன்றும் மரத்தே கிடக்கிறது.

மார்ச் 8
கூடை பிரிக்கும் நாள். பருவத் தொடக்கத்திலேயே உழவருக்குப் பணம் கொடுத்து, விளைவதை வாரந்தோறும் 40 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு எங்களுடையது. தராசுக்கு அருகில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்தால் நான்கு பேர் ஓடி வருகிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், பருவத் தொடக்கத்திலேயே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, விளைச்சல் குறைந்த வாரம் குறைந்த கூடையைக் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விதை வாங்கும் மாதத்தில்தான் உழவருக்குப் பணம் வேண்டும், அறுவடை மாதத்தில் அல்ல. அந்தப் பணத்தை நாம் கொடுக்காவிட்டால் அவர் கடன் வாங்குவார், மழை பொய்த்தாலும் பெய்து கெடுத்தாலும் அந்தக் கடன் அவர் தலையில் மட்டுமே விழும் என்று சொன்னேன். ஜப்பானில் 1970களில் இல்லத்தரசிகள் உழவர்களோடு நேரடியாகக் கைகோத்து ‘தெய்க்கெய்’ என்று இதை வளர்த்ததையும், 1978இல் ஜெனீவாவில் ஒரு பண்ணையும் 1986இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகளும் இதே வழியில் தொடங்கியதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது, அந்த ஆறு கிலோவை நான் மறுபடி எப்போது தூக்குவேன் என்பதைத் தவிர வேறு நினைவே எனக்கு வரவில்லை.

மார்ச் 11
உறக்கம் வராமல் இரவெல்லாம் படித்தேன். விறைப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று படுகிறது. டைட்டானியக் கலவையின் விறைப்பு ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). பீக்கிற்கு மூன்று அல்லது நான்குதான். முள்ளெலும்பின் உள்ளிருக்கும் பஞ்செலும்பு அதைவிடவும் மென்மையானது. விறைப்பு மிகுந்த பொருள் பாரத்தையெல்லாம் தானே தாங்கிக்கொண்டால் பாரம் படாத எலும்பு மெலிந்துபோகும்; கூண்டு எலும்புக்குள் அமிழவும் கூடும். அப்படியானால் பீக்தான் நல்லது என்று நினைத்தால், அதன் மேற்பரப்பில் எலும்பு எளிதில் ஒட்டுவதில்லை, நடுவே நார்த்திசுப் படலம் வளர்ந்துவிடுகிறது. பீக்கின் மேல் டைட்டானியத்தைப் பூசிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கூண்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கும்போது அந்தப் பூச்சு உதிரக்கூடும் என்ற கவலை இருக்கிறது. சிலிக்கன் நைட்ரைடு என்னும் பீங்கான் வகையும் உண்டு. அதன் பரப்பு நீரை ஈர்க்கிறது, ஆய்வகச் சோதனைகளில் நுண்ணுயிரிகள் அதில் குறைவாகவே ஒட்டியிருக்கின்றன, ஆனால் விறைப்பு டைட்டானியத்தையும் மிஞ்சுகிறது. நுண்துளை டைட்டானியம் நடுவழியாகத் தெரிகிறது: உலோகம் அதேதான், துளைகள் விறைப்பைக் குறைக்கின்றன, எலும்பு அந்தத் துளைகளுக்குள் வேரோடுகிறது.

சுத்தியல் என்ற சொல்லைப் படித்த இடத்திலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

மார்ச் 12
சுத்தியல்.

மார்ச் 17
மூன்று நாளாக ஓயாத மழை. மாலையில் பண்ணையில் பயிரிடும் பெண் அழைத்தாள். “அக்கா, தாழ்வான பாத்தியெல்லாம் தண்ணியில நிக்குது. இந்த வாரம் பாதிக் கூடைதான் வரும், எல்லாருக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள். சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாய்க்காலை வெட்டிவிடு என்றேன். 40 வீடுகளுக்கும் நானே அழைத்தேன். மூன்று பேர்தான் முகம் சுளித்த குரலில் பேசினார்கள். மார்ச் 8 அன்று கேள்வி கேட்டவர், வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார்.

மார்ச் 20
எலும்பு அடர்த்தி மதிப்பெண் கழித்தல் 2.1. கழித்தல் 2.5ஐத் தொட்டால்தான் எலும்புப்புரை, அதாவது எலும்பு நலிந்து எளிதில் முறியும் நோய், என்கிறார்கள். அந்த எல்லைக்கு நான் அருகில்தான் இருக்கிறேன். மருத்துவர் படத்தில் முள்ளெலும்பின் விளிம்பைப் பேனா முனையால் சுற்றிக் காட்டினார். நடுப்பகுதியைவிட இந்த வளையம்தான் கெட்டி, ஆகவே விளிம்பில் அமரும் அளவுக்கு அகலமான நுண்துளை டைட்டானியக் கூண்டைத் தேர்கிறேன் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் கூண்டு இடத்தைப் பிடித்து மட்டுமே வைத்திருக்கும், எலும்புகளைச் சேர்ப்பது உங்கள் உடம்பின் வேலை, அதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம் என்று அவர் சொன்னதும் கை சில்லிட்டது. மெலிந்த எலும்பு அந்த வேலையைச் செய்யுமா?

மார்ச் 23
இந்தக் கூண்டுகளின் தொடக்கம் குதிரைகளிடத்தில் என்று படித்தேன். கழுத்து முள்ளெலும்பு தண்டுவடத்தை நெரித்துத் தள்ளாடி விழும் குதிரைகளுக்காக, ஜார்ஜ் பேக்பி என்னும் எலும்பு மருத்துவர் துளைகள் இட்ட துருவேறா எஃகு உருளை ஒன்றை உருவாக்கினார். அதற்குள் எலும்புத் துகள்களை நிரப்பினார். அதற்கு வழங்கிய பெயர் ‘பேக்பி கூடை’. அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். தள்ளாடிய குதிரை எழுந்து நடந்த அந்த நாளைக் காண எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

மார்ச் 24
படியில் கால் தடுமாறியது. விழவில்லை.

மார்ச் 26
மருத்துவமனையில் சேர்ந்துவிட்டேன். நரம்பை விடுவிக்க வெட்டி எடுக்கும் என் எலும்பையே நறுக்கிக் கூண்டுக்குள் நிரப்புவார்கள் என்று மாலையில் விளக்கினார்கள். வேறெங்கிருந்தும் எடுக்க வேண்டியதில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட முடிந்தது.

சனிக்கிழமை எடை போடப்போகிறவர் இப்போதுதான் அழைத்தார். சாவி தராசுக்கு அடியில் இருக்கிறது. கடைசி வீட்டுப் பாட்டிக்கு மாடியேற முடியாது, அவர் பங்கைக் கீழே வாசலிலேயே வைத்துவிடச் சொன்னேன்.