இன்னும் 19 நாள்

ஜூலை 14
யுனிவர்சிட்டி நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டோட அஜெண்டால புது ஹாஸ்டல் கட்டற ஃபைல் இன்னிக்கும் வரல. வி.சி. (துணைவேந்தர்) மேடத்தோட பதவிக்காலம் முடிய இன்னும் 19 நாள்தான் இருக்குது.

ஜூலை 15
காலைல 6 மணிக்கே வி.சி. மேடம் லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்துட்டாங்கன்னு வாட்ச்மேன் அண்ணன் போன் பண்ணுச்சு, தலை கூட சீவாம ஓடுனேன். மூணாவது மாடி பாத்ரூம்ல ஒரு செவப்பு பக்கெட்டை வெச்சு பைப்பை தொறந்து விட்டுட்டு வாட்ச்சையே பாத்துட்டு நிக்கறாங்க. ரொம்பறதுக்கு 7 நிமிசம். கீழ் மாடில 2 நிமிசந்தான். திட்டவே இல்ல. "ஏம்மா, சீட்டை மட்டும் ஏத்திட்டோம், பைப்பு பழசாவே இருக்குதே, இந்தப் புள்ளைங்க குளிச்சுட்டு 9 மணி கிளாஸுக்கு எப்பப் போகும்?"னாங்க. ரெண்டு பேர் ரூம்ல நாலு பேர் இருக்குதுக.

ஜூலை 18
அஞ்சு புது டிபார்ட்மெண்ட் கேட்டாங்க, மேடம் ரெண்டுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. வேகம் பத்தலீங்கன்னு ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. மேடம் நிதானமா, நம்ம கோயம்புத்தூர் அக்ரி காலேஜையே பாருங்க, சைதாப்பேட்டைல 1868-ல பள்ளிக்கூடமா ஆரம்பிச்சு 1906-ல இங்க வந்து 1971-லதானே யுனிவர்சிட்டி ஆச்சுன்னாங்க. சரிதான். ஆனா அதுக்குன்னு எத்தனை பேரு மாறி மாறி பாத்திருப்பாங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டில லட்சுமணசாமி முதலியார் 1942-ல இருந்து 1969 வரைக்கும் 27 வருசம் வி.சி.யா இருந்தாரு. இப்ப 3 வருசம். முதல் வருசம் ஃபைலைப் படிக்கறதுக்கே போயிருது.

ஜூலை 22
சிறுவாணிப் பக்கம் நல்ல மழைன்னு அம்மா சொல்லுச்சு.

ஜூலை 25
ஃபைல் ஃபைனான்ஸ்ல கெடக்குது.

ஜூலை 27
தூக்கமே வரல. மேடம் போயிட்டா அடுத்த ஆள் எப்ப வருவாங்கன்னு ஆருக்கும் தெரியாது, தேர்வுக் குழு போடறதுலயே கவர்னருக்கும் கவர்மெண்டுக்கும் இழுபறி, அது வரைக்கும் கன்வீனர் கமிட்டி, அவங்க சம்பள பில்லு பட்டமளிப்பு சர்டிபிகேட்னு அன்னாடம் ஓடறதைப் பாப்பாங்க, கோடிக்கணக்குல கட்டடத்துக்கு துணிஞ்சு கையெழுத்துப் போடுவாங்களா, அதுக்குள்ள அடுத்த பேட்ச் வந்துருமே, எங்க படுக்கும் அதுகெல்லாம். மூணு வருசமா அந்த ஹாஸ்டல் ஃபைலோட நோட் ஷீட்டை நாந்தான் டைப் அடிச்சுட்டு இருக்கறேன். ஒவ்வொரு தடவையும் மேடம் ஓரத்துல பென்சில்ல "தண்ணி?"ன்னு எழுதித் திருப்பி அனுப்புவாங்க. அப்பெல்லாம் எனக்கு எரிச்சலா இருக்கும். இப்ப அந்த பென்சில் எழுத்தை அழிக்க மனசு வரல.

ஜூலை 31
ஸ்பெஷல் சிண்டிகேட். ஓவர்ஹெட் டேங்குக்கும் புது பைப்லைனுக்கும் சாங்ஷன் ஆயிருச்சு. ஹாஸ்டல் கட்டடம் ஒத்தி வெச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 2
மாலை மரியாதை வேண்டாம்னுட்டாங்க. கார் ஏறறதுக்கு முந்தி என்னைக் கூப்புட்டு, "பைப்பு வந்ததும் மேல் மாடில இருந்து மாட்டச் சொல்லோணும், மறந்துராதம்மா"ன்னாங்க.

ஆகஸ்ட் 3
ஆடி 18. நொய்யல்ல தண்ணி போகுது, பேரூருக்குப் போலாம் வான்னு அம்மா கூப்புட்டுச்சு. போகல.

ஆகஸ்ட் 6
6 மணிக்கு நானே போயி பக்கெட்டை வெச்சேன். ஏழரை நிமிசம். பைப்பு லாரி திங்கக்கெழமை வருதாமா.