கண்மாய்ப் பாறையில் நாலு மாதம்

பெங்களூருவில் பாறையேற்றம் பழகும் ஜிம்மில் வி3 என்கிற கடினப் படி வரைக்கும் ஏறியவன் என்கிற தெம்போடுதான், போன நவம்பரில் காரைக்குடிக்குத் திரும்பியதும் ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் கிடக்கும் பாறைக்கு முன்னால் போய் நின்றேன். பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம், அதுவும் மல்லாந்து சாய்ந்த சரிவு, ஸ்லாப் என்பார்கள். நாலாவது எட்டில் சறுக்கி, விழுந்தால் தாங்கக் கீழே விரித்திருந்த கிராஷ் பேட் மெத்தையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு முழுக்க அதே கதை.

விரலில் பலம் போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கைக்குப் பிடியே இல்லாத பாறைக்கு விரல் பலம் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள். ஆசாரியிடம் சொல்லி, விரல் நுனியால் தொங்கிப் பழக, பழைய தேக்குக் கட்டையில் 20 மில்லிமீட்டர் விளிம்பு இழைத்து வாங்கி வீட்டின் இரண்டாம் கட்டு நிலையில் மாட்டினேன். "தாத்தா காலத்து நிலை, தொங்கித் தொங்கி அதைச் சாச்சுப்புடாதடா" என்றார் அப்பத்தா. நிலை சாயவில்லை, என் விரல்தான் போனது. 10 விநாடி தொங்கி 3 நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை, வாரம் இரண்டு நாள் என்று இருந்திருக்க வேண்டும். நான் தினமும் தொங்கினேன், அதுவும் கட்டைவிரலை மேலே போட்டு இறுக்கும் ஃபுல் கிரிம்ப்பில். மூன்றாவது வாரம் மோதிர விரலின் அடியில் சுருக்கென்றது. தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் ஏ2 புல்லி என்கிற பட்டை அங்கேதான் இருக்கிறது. தசை சில வாரத்தில் வலுவாகிவிடும், தசைநாணும் புல்லியும் அதற்கு ஈடுகொடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஆறு வாரம் கட்டையைத் தொடவில்லை.

சும்மா இருக்க முடியாமல் ஜனவரியில் பாறைக்குப் போய் உள்ளங்கையை மட்டும் ஊன்றி ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்க வந்த பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னப்பு, பல்லியாட்டம் ஒட்டிக்கிட்டு நிக்கிறீக? நிமிந்து நில்லுங்க." அப்புறம் வெறுங்காலோடு பக்கத்துச் சரிவில் நாலு எட்டு நடந்து காட்டிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

விஷயம் அவ்வளவுதான். பயத்தில் பாறையை அணைத்தால் எடை காலைப் பாறையோடு அழுத்தாமல் கீழே தள்ளுகிறது. இடுப்பை வெளியே விட்டு, குதிகாலைத் தாழ்த்தி வைத்தால் ஷூ ரப்பர் அகலமாகப் படிந்து பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒரே பயிற்சிதான்: கால் படியும்வரை கண்ணை எடுக்காமல், சத்தம் கேட்காமல், ஒருமுறை வைத்த காலை மாற்றி வைக்காமல் ஏறுவது, அதே வழியில் இறங்குவது. இறங்கும்போதுதான் நம் கால் எவ்வளவு சோம்பேறி என்று தெரிகிறது.

பிப்ரவரி கடைசியில் ஒரு விடிகாலை உச்சியில் நின்றேன். காலை எட்டு தாண்டினால் கல் சுட ஆரம்பித்து விரல் வியர்க்கிறது, சாக் பவுடர் எவ்வளவு தடவினாலும் நிற்பதில்லை, அதனால் ஆறு மணிக்கே போய்விடுவேன். திருமயம் பக்கம் போகும்போதெல்லாம் கோட்டைப் பாறையைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். தொல்லியல் துறை இடம், ஏறக்கூடாது. குன்றக்குடி கோயில் குன்றும் அப்படித்தான், படியேறிக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

கண்மாய்ப் பாறையின் பின்பக்கம் செங்குத்து. அங்கே இன்னும் மூன்றாவது பிடியிலேயே விழுகிறேன். கட்டையில் மறுபடி தொங்க ஆரம்பித்திருக்கிறேன், வாரம் இரண்டே நாள், விரலை அதிகம் மடக்காத பிடியில்.